கை பழகினால் மட்டும் போதாது, கண்ணியும் தெரிய வேண்டும்

நிட்டிங் கற்றுக்கொள்ளப் புத்தகம் வாங்கட்டுமா, வீடியோ பார்த்தால் போதுமா என்று இன்பாக்ஸில் அடிக்கடி கேட்கிறீர்கள். எல்லோருக்கும் சேர்த்து இங்கேயே எழுதிவிடுகிறேன்.

நான் முதலில் ஊசி பிடித்தது டிவி பார்த்துத்தான். மதிய நேர நிகழ்ச்சி ஒன்றில் பத்து நிமிடம் வரும். சொல்லிக்கொடுப்பவர் கேமராவைப் பார்த்து உட்கார்ந்திருப்பார், அவருடைய வலது கை எனக்கு இடப்பக்கம் தெரியும். அதை மனதுக்குள் திருப்பிப் போட்டு, நூலை விரலில் சுற்றி முடிப்பதற்குள் "இப்படியே பின்னிக்கிட்டே போனா" என்று ஏற்கெனவே பின்னி வைத்த துண்டை எடுத்துக் காட்டிவிடுவார். 20 கண்ணியில் (ஊசியில் மாட்டியிருக்கும் நூல் வளையம்தான் கண்ணி) தொடங்கிய என் துண்டு நாலு விரல் உயரம் வருவதற்குள் 26 கண்ணியாகி விசிறி மாதிரி விரிந்துவிட்டது. ஏன் கூடுகிறது என்று கேட்க ஆளில்லை. ஊசியைத் தூக்கிப் பரணில் போட்டேன்.

டிவியில் வந்தாலே மோசம் என்று சொல்லமாட்டேன். எலிசபெத் சிம்மர்மன் 1960களில் அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியில் நிட்டிங்கைத் தொடர் பாடமாகவே நடத்தியவர். ஸ்வெட்டருக்கு அவர் கொடுத்த சதவீதக் கணக்கு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. உடம்புச் சுற்றளவுக்கான கண்ணிகளை 100 என்று வைத்துக்கொண்டால், மணிக்கட்டுக்கு 20 சதவீதம். ஆனால் இந்த மாதிரிக் கணக்கெல்லாம் திரையில் ஓடி மறைந்தால் மனதில் நிற்காது, மடியில் விரித்துவைத்துப் பார்க்க வேண்டும்.

கை அசைவுக்கு வீடியோதான். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அம்புக்குறி போட்ட படத்தைப் பார்த்து நூலைச் சுற்றப் பழகுவது பெரிய வதை. தோளுக்குப் பின்னாலிருந்து எடுத்த வீடியோவாகத் தேடுங்கள், அப்போதுதான் அவர் கை உங்கள் கை மாதிரியே தெரியும். வேகத்தைப் பாதியாகக் குறைத்து வையுங்கள். நூலை இடது கையில் பிடிப்பது கான்டினென்டல், வலது கையில் பிடிப்பது இங்கிலிஷ். எதுவானாலும் துணி ஒன்றுதான். கை பழகும்வரை ஒன்றிலேயே நில்லுங்கள்.

சரி, அந்த 26 கண்ணிக்கு வருகிறேன். பதில் கிடைத்தது ஒரு பழைய புத்தகத்தின் கோட்டுப்படத்தில். ஊசியில் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு கண்ணிக்கும் இரண்டு கால் உண்டு, வலது கால் ஊசிக்கு முன்னால் இருக்க வேண்டும் என்று வரைந்து காட்டியிருந்தார்கள். பக்கத்திலேயே இன்னொரு படம். வரிசை தொடங்கும்போது நூலை ஊசிக்கு மேலே தூக்கிப் பின்னால் இழுத்தால், முதல் கண்ணியின் இரண்டு காலும் மேலே ஏறி, இரண்டு கண்ணி மாதிரி தெரியும். நானும் இரண்டு என்று நினைத்து இரண்டையும் பின்னியிருக்கிறேன்! நூல் ஊசிக்கு அடியில் இருந்திருந்தால் 20 கடைசிவரை 20தான். அந்தப் பக்கத்தை அன்றைக்கு எத்தனை முறை பார்த்தேன் என்று எனக்கே தெரியாது.

வீடியோவில் பெரும்பாலும் சரியாகப் பின்னுகிற கையைத்தான் பார்ப்போம். நம் துண்டில் நேர்ந்த தப்பு அதில் இருக்காது. அதனால்தான் வீடியோ மட்டும் பார்த்துப் பழகியவர்கள் ஒரு கண்ணி கழன்று எட்டு வரிசை இறங்கினால் பயந்துபோய் எல்லாவற்றையும் பிரித்துவிடுகிறார்கள். நாள் கணக்கில் பின்னியதைப் பிரிப்பதைப் பார்க்கவே மனசு கேட்காது. நிட், பர்ல் என்று சொல்லும் இரண்டு அடிப்படைப் பின்னலும் ஒரே கண்ணியின் இரண்டு முகம், முன்னால் 'V', பின்னால் மேடு. இது கண்ணுக்குப் பிடிபட்டுவிட்டால் எல்லாவற்றையும் பிரிக்கத் தேவையில்லை.

ஆகவே முதல் பத்து நாள் வீடியோ, அப்புறம் தெளிவான படங்கள் உள்ள ஒரு புத்தகம். அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பழகும் துண்டில் ஒரு கண்ணியை வேண்டுமென்றே கழற்றி ஐந்து வரிசை இறங்க விடுங்கள். ஏணி மாதிரி குறுக்கு நூல்கள் தெரியும். 'V' தெரியும் பக்கம் உங்களைப் பார்க்கும்படி வைத்து, கொக்கி முனையுள்ள குரோஷே ஊசியைக் கீழே இருக்கும் கண்ணிக்குள் விட்டு, அடிப்படியிலிருந்து ஒவ்வொரு படியாகக் கொக்கியில் மாட்டி முன்னால் இழுங்கள். ஐந்தாவது படி ஏறியதும் அந்தக் கண்ணியை ஊசியில் மாட்டுங்கள், வலது கால் முன்னால் இருக்கட்டும்.