எண்ணைப் பிடித்துக்கொண்டு சொல்லை விட்டுவிட்டோம்

பிராணாயாமம் என்றதும், மூச்சை இழுக்க 16, நிறுத்த 64, விட 32 என்று ஒப்பிக்கிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். வாட்ஸ்அப்பில் சுற்றும் படங்களில் அது விநாடிக் கணக்காகவே ஆகிவிட்டது. கூட்டிப் பாருங்கள், ஒரு மூச்சுக்கு 112 விநாடி. நேற்றுதான் பாய் விரித்தவர் இன்றைக்கே 64 விநாடி மூச்சை நிறுத்தப் பார்ப்பது ஆபத்து.

இந்த எண்கள் திருமந்திரம் மூன்றாம் தந்திரத்தில் இருப்பவைதான். ஆனால் அந்தப் பாட்டில் விநாடி என்ற பேச்சே இல்லை. உரை சொல்பவர்கள் அந்த எண்களை மாத்திரைக் கணக்காகக் கொள்கிறார்கள். மாத்திரை என்பது கண் இமைக்கும் நேரம், விரல் நொடிக்கும் நேரம் என்றுதான் நம் இலக்கணமும் சொல்கிறது. ஆகவே நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது 1:4:2 என்ற விகிதத்தை.

அதைவிட முக்கியம் திருமூலர் போட்டிருக்கும் சொற்கள். மூச்சை இழுக்கும் பூரகத்துக்கு ‘ஏறுதல்’, நிறுத்தும் கும்பகத்துக்கு ‘ஆறுதல்’, வெளியே விடும் இரேசகத்துக்கு ‘ஊறுதல்’. கும்பகத்தை அடக்குதல் என்று அவர் சொல்லவில்லையே! காய்ச்சிய பால் ஆறுவதுபோல உள்ளே போன காற்று தணிந்து நிற்க வேண்டும். வெளியே விடும்போது மணற்கேணியில் தண்ணீர் ஊறுவதுபோலக் கசிய வேண்டும். என்னைக் கேட்டால் முழுப் பயிற்சியும் இந்த மூன்று சொல்லில் இருக்கிறது.

ஆரம்பிக்கிறவர்கள் கும்பகத்தைத் தொடவே வேண்டாம். சாப்பிட்டு மூன்று, நான்கு மணி நேரம் கழித்து முதுகு நிமிர்ந்து உட்காருங்கள். வலது கையில் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மடக்கிக்கொள்ளுங்கள். கட்டைவிரலால் வலது நாசியை மூடி, இடதில் 4 எண்ணும்வரை இழுங்கள். மோதிர விரலால் இடதை மூடி, வலதில் 8 எண்ணும்வரை விடுங்கள். பிறகு வலதில் இழுத்து இடதில் விட்டால் ஒரு சுற்று. ஆறு சுற்று போதும். விரல் படவேண்டிய இடம் மூக்கெலும்புக்குக் கீழே உள்ள மெத்தென்ற பகுதி. அழுத்தி நசுக்கினால் மூக்கின் நடுத்தண்டு வளைந்து அடுத்த நாசியும் அடைபடும்.

இரேசகம் 8 வரை ஒரே சீராக வந்து சில வாரங்கள் ஆன பிறகு, 4 இழுத்து, 4 நிறுத்தி, 8 விடலாம். 4:16:8 வெகு தூரத்தில் இருக்கிறது.

கும்பகம் அதிகமாகிவிட்டதை இரேசகம் காட்டிக்கொடுத்துவிடும். கடைசியில் காற்று புஸ்ஸென்று வெளியேறினால், அடுத்த மூச்சை அள்ளி விழுங்கத் தோன்றினால், நிறுத்திய நேரம் கூடிவிட்டது. தாடை இறுகுவதும் தோள் காதை நோக்கி ஏறுவதும் அதே கதைதான். தலை கிறுகிறுத்தால் பலரும் ‘சக்தி ஏறுகிறது’ என்று பூரிக்கிறார்கள். வேகமாகவும் ஆழமாகவும் இழுத்து விட்டதால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்கியிருக்கலாம். உடனே நிறுத்திவிட்டு இயல்பாக மூச்சு விடுங்கள்.

சிங்கம், யானை, புலியைப் பழக்குவதுபோல மூச்சை மெல்ல மெல்லப் பழக்கு, இல்லாவிட்டால் அது பயில்பவனையே கொல்லும் என்கிறது ஹட யோகப் பிரதீபிகை என்ற பழைய சம்ஸ்கிருத யோக நூல். விக்கல், இருமல், இரைப்பு, தலைவலி, காதுவலி என்று தவறான பயிற்சியின் விளைவுகளையும் அடுத்து வரும் சுலோகங்களில் அடுக்குகிறது.

ரத்த அழுத்தம், இதய நோய், வலிப்பு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மூச்சை நிறுத்தும் பகுதியை விட்டுவிட்டு, இழுத்து விடுவதை மட்டும் மருத்துவரைக் கேட்டுச் செய்யுங்கள். மூக்கு அடைத்திருக்கும் நாளில் யாருமே செய்ய வேண்டாம்.