டிஜிட்டல் அடையாள அட்டைக்கு முன் கேட்க வேண்டிய கேள்வி

இலங்கைக்கு டிஜிட்டல் அடையாள அட்டை வரட்டும், நான் எதிரி இல்லை. ஆனால் எங்கள் கைரேகையையும் கண்விழியையும் வாங்க முதல், அவற்றை எந்த மறைகுறியாக்கத்தில் (பிறர் வாசிக்க முடியாதபடி தரவைப் பூட்டும் முறையில்) அனுப்பப் போகிறீர்கள் என்று அரசாங்கம் சொல்லத்தான் வேண்டும்.

இணையத்தில் பரவலாகப் பயன்படும் ஆர்எஸ்ஏ போன்ற மறைகுறியாக்க முறைகளைக் குவாண்டம் கணினி என்ற புதுவகைக் கணினியால் உடைக்க முடியும் என்று கணித அறிஞர் பீட்டர் ஷோர் 1994இலேயே காட்டிவிட்டார். அந்தளவு பெரிய கணினி இன்னும் வரவில்லை, சரி. ஆனால் இன்று இணையத்தில் போகும் தரவை அப்படியே பிடித்துச் சேமித்து வைத்தால், கணினி வந்த பிறகு ஆறுதலாகத் திறக்கலாம். கடவுச்சொல் களவு போனால் மாற்றிவிடலாம். கைரேகையை எப்படி மாற்றுவது?

அமெரிக்காவின் தரநிலை நிறுவனமான நிஸ்ட், குவாண்டம் கணினிக்கும் தாக்குப்பிடிக்கும் புதிய முறைகளை 2016இல் உலக ஆய்வாளர்களிடம் கேட்டது. முதல் சுற்றுக்கு 69 வந்தன. வந்ததையெல்லாம் ஊரறிய உடைக்க விட்டார்கள். நாலாம் சுற்றுவரை தாக்குப்பிடித்த சைக் என்ற முறையை 2022இல் பெல்ஜியத்தில் இரண்டு ஆய்வாளர்கள் சாதாரண கணினியின் செயலியில் ஒற்றைக் கருவை (கோர்) மட்டும் வைத்து ஒரு மணித்தியாலமளவில் உடைத்தார்கள். ரெயின்போ என்ற இன்னொரு முறை ஒரு மடிக்கணினியிடம் தோற்றது. இந்த அடிக்கெல்லாம் தப்பிய மூன்று முறைகள்தான் 2024 ஆகஸ்டில் தரநிலைகளாக வந்தன. பூட்டிய அறைக்குள் யாரோ தீர்மானித்ததல்ல என்பதால்தான் எனக்கு அவற்றில் நம்பிக்கை. தென்கொரியாவும் தனியாகப் போட்டி வைத்து 2025இல் நான்கைத் தேர்ந்தது. பிரித்தானியா இப்படியான புதிய முறைகளுக்கு 2035க்குள் மாறி முடிக்கச் சொல்லியிருக்கிறது.

நாங்கள் புதிதாக எதையும் கண்டுபிடிக்கத் தேவையில்லை. தரநிலை யாரும் வாசிக்கலாம். டென்டரில் எழுதினால் போதும். பின்னாளில் ஒரு முறை உடைந்தால் முழு அமைப்பையும் கழற்றாமல் வேறொன்றுக்கு மாறக்கூடியதாக இருக்கவேண்டும் என்பதையும் சேர்த்து எழுதவேண்டும். தரவைப் பூட்ட அனுப்பும் சாவிகள் (நீண்ட எண்கள்) புதிய முறைகளில் பெரியவை. முன்பு 32 பைட் போன இடத்தில் இப்போது 1184 பைட் போகும். மெதுவான இணைப்பில் இந்தப் பாரம் தெரியும். அதனால் கொழும்பில் மட்டும் சோதித்துவிட்டு வரவேண்டாம், கிழக்கில் வாகரையிலும் பொத்துவிலிலும் சோதியுங்கள்.

மட்டக்களப்பு, அம்பாறைக்காரருக்கு இது தூரத்து விஷயமில்லை. போரிலும் 2004 சுனாமியிலும் பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி எல்லாவற்றையும் இழந்து, கச்சேரிக்கும் பிரதேச செயலகத்துக்கும் அலைந்த சனம் நாங்கள். இன்றும் எத்தனையோ வீடுகளில் காணிப் பெர்மிட் பொலித்தீன் பையில் சுற்றி, ஓடவேண்டி வந்தால் சட்டென்று கைக்கு அகப்படும் இடத்தில்தான் இருக்கிறது. இலத்திரனியல் ஆவணங்களையும் கையொப்பங்களையும் 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் ஏற்கிறது. நாளைக்கு உறுதியும் டிஜிட்டலில் வரும்போது, அதிலுள்ள டிஜிட்டல் கையொப்பமும் ஆர்எஸ்ஏ போன்ற முறையில்தான் நின்றால், அதை உடைத்துப் போலியாகப் போட ஒருவரால் முடிந்தால் காணி யாருடையது?

எங்கள் இரண்டு மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினர்களும் இதைச் சபையில் கேட்கவேண்டும். ஒப்பந்தம் கையெழுத்தாகி, இயந்திரங்கள் வந்து இறங்கிய பிறகு கேட்டால், மாற்றுகிற செலவும் எங்கள் தலையில்தான்.