ஒரு நெல்லுக் குத்தி வீடெல்லாம் உமி

போன கிழமை குடும்ப வட்ஸ்அப் குரூப்பில ஆரோ 50 நொடியை, அதுதான் விடுகதையை, விடையோட சேர்த்து ஃபோர்வட் பண்ணி, கீழ "இந்தக் காலத்துப் பிள்ளையளுக்கு இதில ஒண்டும் தெரியாது" எண்டும் போட்டிருந்தினம். பாத்தோடன எனக்கு ஏறிட்டுது.

ஏனெண்டா அதுக்கு ரெண்டு நாளைக்கு முன்னாலதான் எங்கட வெள்ளவத்தை பிளாட்டில அம்மா என்ட மகளிட்ட இந்த நொடியைப் போட்டவ. "ஒரு நெல்லுக் குத்தி வீடெல்லாம் உமி, அது என்ன சொல்லு பாப்பம்?" அவள் கேட்ட முதல் கேள்வி, "உமி எண்டா என்ன அம்மம்மா?"

அதில என்ன பிழை? அவளுக்கு அரிசி எண்டா 5 கிலோ பாக்கில வாற கீரி சம்பா. நெல்லைக் கண்டதே கலியாண வீட்டில நிறைகுடத்துக்குக் கீழ பரப்பிக் கிடக்கேக்கதான். விடை அவளுக்குத் தெரிஞ்ச சாமான், கேள்விதான் தெரியாத சாமான். அப்ப மூளையில்லை எண்டு ஆரைச் சொல்றது?

அம்மா விடையைச் சொல்லேல்ல, அது எனக்குச் சரியான சந்தோசம். உரலுக்குள்ள நெல்லைப் போட்டு உலக்கையால குத்தினா தோல் கழரும், பிறகு சுளகில போட்டுப் புடைச்சா அரிசி சுளகில நிக்கும், உமி பாரமில்லாததால பறந்து தலைமயிர், சட்டை, குசினி மூலை எண்டு எல்லா இடமும் போய் ஒட்டும், கூட்டிக் கூட்டி மாளாது எண்டெல்லாம் கையால ஆட்டி ஆட்டிக் காட்டினவ. மகள் விடேல்ல. "ஒரே ஒரு நெல்லில இருந்து எப்பிடி வீடு முழுக்க வரும்?" நியாயமான கேள்விதானே, 100 கிலோ நெல்லுக்கே ஒரு 20 கிலோ உமிதான் வரும். "அதுதானடி நொடி" எண்டா அம்மா.

பிறகு சாமியறையில விளக்கைக் கொளுத்திப்போட்டு என்னை லைட்டை நிப்பாட்டச் சொன்னா. சுடரைப் பாருங்கோ, அடி கொஞ்சம் பெருத்து, நுனி கூராகி, பொன் நிறத்தில, அசல் நெல்லு மாதிரியே நிக்கும். அதில இருந்து பறந்து சுவர், கதவு, மூஞ்சை எல்லாத்திலயும் ஒட்டுற வெளிச்சம்தான் உமி. ரியூப் லைட்டை வச்சு இதை ஒருநாளும் விளங்கப்படுத்தேலாது.

தொல்காப்பியத்தில நொடிக்குப் பேர் பிசி. அதிலயும் ரெண்டு வகை சொல்லியிருக்கு, உவமையை வச்சுச் சொல்றது ஒண்டு. இது அந்த வகை. உவமையைக் கண்ணால காணாதவனுக்கு விடையைச் சொல்லி என்ன பிரயோசனம்? அந்த ஃபோர்வட்டில இதுக்கு நேர "விளக்கு" எண்டு ஒரு சொல்லு கிடக்கு, அவ்வளவுதான், செத்துப்போச்சு.

90களில யாழ்ப்பாணத்தில கரண்டும் இல்லை, மண்ணெண்ணெயும் தங்க விலை. ஜாம் போத்தலுக்குள்ள கொஞ்சப் பஞ்சும் துளி எண்ணெயும் விட்டு, சின்னத் திரியில எரியிற அந்த விளக்குக்கு முன்னால இருந்துதான் நாங்கள் படிச்சது. போத்தல் காத்தை மறைக்கிறதால சுடர் ஆடாது, சரியா ஒரு நெல்லளவு. அப்ப இந்த நொடியை எனக்கு ஒருத்தரும் விளங்கப்படுத்தத் தேவையிருக்கேல்ல. 2022 மார்ச் கடைசியில இஞ்ச கொழும்பில 13 மணித்தியாலம் கரண்ட் கட் பண்ணினாங்கள், மகளுக்கு அப்ப 5 வயசு, மெழுகுதிரியைக் கொளுத்தி வச்சிட்டு நான் ஃபோன் சார்ஜைப் பாத்துக்கொண்டிருந்தன். இந்த நொடி ஞாபகத்துக்கே வரேல்ல. பிள்ளையளைக் குறை சொல்லுற ஆக்களில நானும் ஒருத்திதான் போல.

அம்மா நொடி போட்ட அண்டைக்குச் சாமியறை இருட்டுக்குள்ள மகள் கனநேரம் விளக்கையே பாத்துக்கொண்டு இருந்தாள். பிறகு மெல்லக் கேக்கிறாள், "அம்மம்மா, விளக்குக்குக் கீழ மட்டும் உமி விழேல்லையே?"

குனிஞ்சு பாத்தா உண்மைதான், குத்துவிளக்கடியில வட்டமா இருட்டு.

அம்மா ஒரு செக்கன் யோசிச்சிட்டு, "புடைக்கிறவளின்ட காலடியில எங்க பிள்ளை உமி விழுறது, அது காத்தோட தள்ளித்தான் போய் விழும்" எண்டா.