பஸ்ரா–அகபா எண்ணெய்க் குழாய் திறக்கப்படவில்லை

"ஹோர்முஸ் நீரிணையைத் தவிர்க்கும் ஈராக்–ஜோர்தான் எண்ணெய்க் குழாய் திறந்தாயிற்று, அடுத்த வாரம் மண்ணெண்ணெய் பாதி விலை" என்ற வாட்ஸ்அப் தகவல் கல்லடி முதல் கல்முனை வரை சுற்றுகிறது. பாலமீன்மடுவில் படகுக்காரர் ஒருவர் இதை நம்பிக் கலன்களை நிரப்பாமல் காத்திருக்கிறார்.

தகவல் தவறு. தென் ஈராக்கின் பஸ்ராவிலிருந்து ஜோர்தானின் செங்கடலோர அகபாவுக்குக் குழாய் போடும் பேச்சு 1980களிலேயே எழுந்தது. 2013இல் இரு நாடுகளும் உடன்பாடும் செய்துகொண்டன. ஏறத்தாழ 1,700 கிலோமீற்றர் நீளம், அகபாவுக்கு நாளொன்றுக்கு 10 இலட்சம் பீப்பாய் என்பது திட்டம். வெறும் திட்டம்தான்.

கூடவே வரும் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். தூண்களின் மேல் வளைந்து நெளிந்து போகும் குழாய்க்குக் கீழே வெண்பனி. பஸ்ராவின் பாலைவெளியில் பனி ஏது? அது அலாஸ்காவின் குழாய்.

குழாய் வந்தாலும், 2024இல் பாரசீக வளைகுடாவின் வாசலான ஹோர்முஸ் வழியே நாளொன்றுக்குச் சென்ற சுமார் 2 கோடி பீப்பாயில் அது இருபதில் ஒரு பங்குதான். அகபாவில் ஏற்றிய கப்பல் செங்கடல் வழியாகக் கொழும்புக்கு வர பாப் எல் மண்டெப் என்ற இன்னொரு நீரிணையைக் கடக்க வேண்டும். தகவலை எழுதியவர் வரைபடத்தை விரித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

இங்கே விலை மாறினால் பெட்ரோலியக் கூட்டுத்தாபனம் வழக்கமாக மாத இறுதியில் அறிவிக்கும்.