அந்தப் பிள்ளை கேட்டதில் என்ன தப்பு?

ஞாயிற்றுக்கிழமை நம் சபைக் கோவிலில் ஒரு பிள்ளையை மைக்கில் பெயர் சொல்லித் திட்டியது இதற்குள் உங்கள் எல்லாருக்கும் தெரிந்திருக்கும். மூன்று நாளாக வாட்ஸ்அப் குழுக்களில் அதன் வீடியோதான் ஓடுகிறது. அதனால் முழுக் கதையையும் மறுபடி எழுதவில்லை. அந்தப் பிள்ளையின் பெயரையும் எழுத மாட்டேன். மைக்கில் ஒருமுறை சொன்னதே போதும்.

எனக்குக் கேட்க ஒன்றுதான் இருக்கிறது. அவள் கேட்டதில் என்ன தப்பு?

பிள்ளைகள் தங்கள் விசுவாசத்தைச் சபை முன்னால் உறுதிசெய்கிற திடப்படுத்தலுக்காக நடக்கும் வகுப்பில் கலாத்தியர் 3:28-ஐ மனப்பாடம் செய்யச் சொன்னது நாம்தான். யூதனென்றும் கிரேக்கனென்றுமில்லை, நீங்களெல்லாரும் கிறிஸ்து இயேசுவுக்குள் ஒன்றாயிருக்கிறீர்கள். அவள் ஒரு எழுத்து பிசகாமல் ஒப்புவித்தாள். ஒப்புவித்துவிட்டு, "அப்படின்னா கல்யாணத்துக்கு மட்டும் ஏன் சார் ஜாதி பார்க்கோம்?" என்று கேட்டாள். வகுப்பு எடுத்தவருக்கு உடனே பதில் வரவில்லை. சரி, அதில் குற்றமில்லை. எனக்கும் வந்திருக்காது. ஆனால் மறுநாள் ஆராதனையில், அறிவிப்பு வாசிக்கும் நேரத்தில், ஒரு பெரியவர் மைக்கைப் பிடித்து அவள் பெயரைச் சொல்லி, இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு விசுவாசம் இல்லை, வாய்தான் இருக்கிறது, செல்போன் வளர்த்த பிள்ளைகள் என்று பேசினாரே, அது குற்றம்.

நான் அவளுக்கு இரண்டு பெஞ்சு பின்னால் உட்கார்ந்திருந்தேன். அவள் மடியில் பாமாலைப் புத்தகம் இருந்தது. அதன் அட்டை ஓரத்தை மடிப்பதும் விரல் நகத்தால் நீவி நிமிர்த்துவதுமாக இருந்தாள். அவர் பேசி முடிக்கும்வரை தலையைத் தூக்கவேயில்லை. அவள் அம்மா நேராகப் பலிபீடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் எழுந்திருக்கவில்லை. 22 வருடமாக ஞாயிறு பள்ளி எடுக்கிறவள், வாயைத் திறக்கவில்லை. அந்தக் குற்ற உணர்ச்சியும் சேர்ந்துதான் இந்தப் பதிவை எழுதச் சொல்கிறது.

கேள்வி கேட்பது விசுவாசக் குறைவு என்று நமக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? வேதம் சொல்லவில்லை. பஸ்கா பண்டிகையை ஏற்படுத்துகிற இடத்திலேயே, யாத்திராகமம் 12-ஆம் அதிகாரத்தில், இந்த ஆராதனையின் கருத்து என்ன என்று உங்கள் பிள்ளைகள் கேட்பார்கள், அப்போது இப்படிச் சொல்லுங்கள் என்று இருக்கிறது. யோர்தானைக் கடந்ததும் பன்னிரண்டு கல்லை எடுத்து நாட்டச் சொன்னது எதற்கு? நாளைக்குப் பிள்ளைகள் 'இந்தக் கல் என்ன?' என்று கேட்பதற்கு. கேட்க வைப்பதற்காகவே கல் நாட்டிய மக்கள் அவர்கள். நாம் கேட்கிற பிள்ளையை மைக் போட்டுத் திட்டுகிறோம். பன்னிரண்டு வயது இயேசு தேவாலயத்தில் போதகர்கள் நடுவில் உட்கார்ந்து என்ன செய்துகொண்டிருந்தார் என்று லூக்கா எழுதியிருக்கிறார், எடுத்துப் பாருங்கள். அவர்கள் பேசுவதைக் கேட்டார், அவர்களைக் கேள்வியும் கேட்டார். அந்தப் போதகர்கள் அவருடைய புத்தியைப் பார்த்துப் பிரமித்தார்கள் என்றுதான் இருக்கிறது. 'உன் தாய் தகப்பன் வளர்ப்பு சரியில்லை' என்று யாரும் சொன்னதாக இல்லை.

நாம் பெருமை பேசுகிற நம் திருநெல்வேலி ஆட்களையே எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்த அசரியாவின் படத்தை மாட்டி வைக்கிறோம். ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர், 1912-இல் டோர்னக்கல் பேராயர் என்று வினாடி வினாவில் கேட்கிறோம். அதற்கு இரண்டு வருடம் முன்னால் எடின்பரோ மாநாட்டில் அவர் பேசியதைப் பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறோமா? உலகம் முழுவதிலுமிருந்து வந்த மிஷனெரித் தலைவர்கள் உட்கார்ந்திருந்த சபை. இவருக்கு அப்போது முப்பத்தாறு வயதுகூட முடியவில்லை. நீங்கள் எங்களுக்காகப் பொருளைக் கொடுத்தீர்கள், உயிரைக்கூடக் கொடுத்தீர்கள், அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று அவர்கள் முகத்துக்கு நேரே சொன்னார். நம்மைச் சமமாக நடத்தவில்லை என்பதைத்தான் அவர் அப்படிச் சொன்னார். அங்கே இருந்த பலருக்கு அது பிடிக்கவில்லை. இந்தப் பிள்ளை கேட்டதும் அதே கேள்விதானே? வாயில் ஒன்று என்கிறீர்கள், பந்தியில் ஒன்று என்கிறீர்கள், சம்பந்தம் பேசும்போது ஏன் இல்லை?

செல்போன் என்கிறார்கள். எதற்கெடுத்தாலும் செல்போன். நான் கேட்கிறேன், கலாத்தியர் வசனத்தை அவளுக்குச் செல்போனா சொல்லிக்கொடுத்தது? நாம் சொல்லிக்கொடுத்தோம். அவள் அதை நம்பிவிட்டாள். நம்பினதால்தான் கேட்டாள். நம்பாத பிள்ளை கேட்காது. மதிப்பெண் வாங்கிக்கொண்டு, வெள்ளை உடுப்பு போட்டு, பேராயர் தலையில் கைவைக்கும் அன்றைக்குப் போட்டோ எடுத்துக்கொண்டு, அதற்கப்புறம் கிறிஸ்துமஸுக்கு மட்டும் கோவிலுக்கு வரும். அப்படி எத்தனை பிள்ளைகளை நாம் திடப்படுத்தி அனுப்பியிருக்கிறோம்!

எங்கள் ஆச்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. உலை வைக்கும்போது அரிசியைக் களைவதற்கு முன்னால் ஒரு கைப்பிடி எடுத்து, அடுப்புக்கு மேலே மாடத்தில் இருந்த தகர டப்பாவில் போடுவார்கள். மாதக் கடைசியில் பெண்கள் ஐக்கிய சங்கத்து ஆட்கள் வந்து வாங்கிக்கொண்டு போவார்கள். அது ஊழியத்துக்கு. ஒரு வருடம் மழை பொய்த்து, பனையும் காலை வாரிவிட்டு, ராத்திரிக்குக் கஞ்சிதான் என்று ஆனபோதும் அந்தக் கைப்பிடி நிற்கவில்லை. "நமக்கே இல்லையே ஆச்சி, எதுக்கு இது?" என்று நான் கேட்டேன். எனக்கு அப்போது எட்டு வயது இருக்கும். ஆச்சி திட்டவில்லை. என் கையைப் பிடித்து அரிசிப் பானைக்குள் விட்டு, "நீ ஒரு பிடி எடு" என்றார்கள். எடுத்தேன். என் கை சின்னது. "இப்ப உன் பிடியப் போடு, என் பிடியும் போடுதேன். ரெண்டு பேருக்கும் சேத்து அவரு பாத்துக்கிடுவாரு." அவ்வளவுதான். அதற்கப்புறம் எத்தனையோ பிரசங்கம் கேட்டுவிட்டேன். எனக்கு விசுவாசம் வந்தது அந்தத் தகர டப்பாவில்தான்.

தீமோத்தேயுவைப் பற்றிப் பவுல் எழுதும்போது, முதலில் உன் பாட்டி லோவிசாள், அப்புறம் உன் தாய் ஐனிக்கேயாள் என்று பெயர் சொல்லி எழுதுகிறார். மாயமற்ற விசுவாசம் என்று எழுதுகிறார். மாயமற்ற என்ற அந்தச் சொல்லைக் கவனியுங்கள். வீட்டில் ஒன்றும் கோவிலில் ஒன்றுமாக இருந்தால் பிள்ளை கண்டுபிடித்துவிடும்.

'அதற்காக, கேட்கிற இடம் பொருள் வேண்டாமா, பெரியவர்கள் முன்னால் இப்படியா பேசுவது' என்று குழுவில் ஒருவர் எழுதியிருக்கிறார். இடம் பொருள் வேண்டும்தான். அவள் ஆராதனை நடுவில் எழுந்து கேட்கவில்லை. கேள்வி கேட்பதற்கென்றே இருக்கிற வகுப்பில் கேட்டாள். இடம் பொருள் பார்க்காமல் பேசியது அவள் இல்லை.

'நம் விஷயத்தை வெளியே போட்டால் மற்றவர்கள் என்ன நினைப்பார்கள், இப்போது இருக்கிற சூழ்நிலை தெரியாதா' என்று இன்னொருவர். தெரியும். எனக்கும் பயம் இருக்கிறது. ஆனால் வெளியே இருக்கிறவர்கள் சிரிப்பார்கள் என்பதற்காக உள்ளே இருக்கிற பிள்ளையை அழ வைத்துவிட்டுச் சும்மா இருக்க முடியாது.

மூன்றாவதாக ஒருவர் எழுதியதைத்தான் தாங்க முடியவில்லை. 'முதலில் உங்கள் மகனைக் கோவிலுக்குக் கூட்டிக்கொண்டு வாருங்கள், அப்புறம் ஊருக்கு உபதேசம் செய்யலாம்.' அண்ணாச்சி, உங்களை எனக்குத் தெரியும், என் கல்யாணத்துக்கு வந்தவர் நீங்கள். பதில் சொல்கிறேன்.

ஆமாம். என் மகன் பெங்களூரில் இருக்கிறான், கோவிலுக்குப் போவதில்லை. ஞாயிறு பள்ளியில் ஐந்து வருடம் தொடர்ந்து முதல் பரிசு வாங்கினவன். 119-ஆம் சங்கீதத்தில் பாதிக்கு மேல் பார்க்காமல் சொல்வான். அவன் பத்தாவது படிக்கும்போது அவனுடைய ஆச்சி, என் அம்மா, புற்றுநோயில் கிடந்தார்கள். வீடே உபவாசம் இருந்து ஜெபித்தோம். அவர்கள் போய்ப் பதினாறாம் நாள், இட்லித் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு கேட்டான். "எல்லாரும் ஜெபிச்சோம்லா, ஏம்மா ஆச்சிக்குச் சரியாகல?" நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அப்படியெல்லாம் கேக்கக் கூடாது, பாவம். சாப்பிடு." அவன் சாப்பிட்டான். அதற்கப்புறம் என்னிடம் கடவுளைப் பற்றி ஒரு கேள்விகூட அவன் கேட்டதில்லை. நான் அதைக் கீழ்ப்படிதல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பிள்ளைக்கு விசுவாசம் உறுதியாகிவிட்டது என்று ஜெபக் கூட்டத்தில் சாட்சிகூடச் சொல்லியிருக்கிறேன்.

அதனால்தான் எழுதுகிறேன், அண்ணாச்சி. மைக் இல்லாமல், என் வீட்டு அடுக்களையில், நான் அதே காரியத்தைச் செய்திருக்கிறேன். அது எங்கே கொண்டுபோய் விடும் என்று எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தபோது எனக்கு அந்த இட்லித் தட்டுதான் ஞாபகம் வந்தது.

1778-இல் பாளையங்கோட்டையில் மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் வாங்கின குளோரிந்தாள் என்ற பிராமண விதவைக்கு, அதற்கு முன்னால் கேட்டபோது மறுக்கப்பட்டிருக்கிறது. ஆனாலும் அந்த அம்மாள் போய்விடவில்லை. 1785-இல் கோவிலே கட்டிக் கொடுத்தார்கள். நம் பிள்ளைகளும் அப்படி எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டு நிற்பார்கள் என்று நினைக்காதீர்கள். எல்லாருக்கும் அந்த மனசு இருக்காது.

நேற்று ராத்திரி மகன் கூப்பிட்டான். யாரோ அவனுக்கும் அந்த வீடியோவை அனுப்பியிருக்கிறார்கள். "அந்தப் பொண்ணுகிட்ட நீ போய் என்னம்மா சொல்லப் போற?" என்றான். எனக்குப் பதில் தெரியவில்லை, நாமதான் தப்பா நடக்கோம், அதைச் சொல்லலாம்னு இருக்கேன் என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அன்னைக்கு எங்கிட்டயும் தெரியலப்பான்னு சொல்லியிருக்கலாம்லா" என்றான்.

அவள் திடப்படுத்தலுக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாளாம். சனிக்கிழமை சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போகிறேன். வா என்று கூப்பிடுவதற்காக இல்லை. முதலில் மன்னிப்புக் கேட்கப் போகிறேன். கூட வர விருப்பமுள்ளவர்கள் ஐந்து மணிக்கு எங்கள் வீட்டுக்கு வாருங்கள்.