"அடி வாங்கினால்தான் பிள்ளை தேறும்" – பரவும் செய்தி உண்மையா?

"ஸ்கூல்ல நாலு பேர் கிண்டல் பண்ணி, ரெண்டு அடி போட்டால்தான் பிள்ளை உலகத்தைத் தாங்கும், வளர்ந்தால் எல்லாம் மறந்துபோகும்." குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் இந்தச் செய்தி தவறு.

பிரிட்டனில் 1958-இல் ஒரே வாரத்தில் பிறந்தவர்களை வாழ்நாள் முழுக்கப் பின்தொடரும் ஆய்வு ஒன்று உண்டு. பிள்ளைக்கு 7 வயதிலும் 11 வயதிலும், மற்ற பிள்ளைகள் அதைச் சீண்டுகிறார்களா என்று பெற்றோரிடம் கேட்டுக் குறித்தார்கள். அவர்களில் 7,771 பேரின் விவரங்களை லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் அலசி 2014-இல் வெளியிட்டார்கள். அடிக்கடி சீண்டப்பட்டவர்களிடம் 45 வயதில் மனச்சோர்வும் பதற்றக் கோளாறும் தற்கொலை எண்ணமும் மற்றவர்களைவிடக் கூடுதல். குடும்ப வசதி, சிறுவயது அறிவுத்திறன் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும் அந்த வித்தியாசம் மறையவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியும்! இதைத்தான் 'மறந்துபோகும்' என்கிறார்கள்.

சரி, சீண்டப்பட்ட எல்லோருமே நோயாளி ஆவார்களா? இல்லை. ஆபத்து கூடுகிறது, அவ்வளவுதான். தேறியவர்கள் அடியால் தேறவில்லை, அடியையும் மீறித் தேறினார்கள்.

திங்கட்கிழமை காலை மட்டும் வரும் வயிற்றுவலி, திறக்காமலே திரும்பும் டிபன் பாக்ஸ். இவற்றை நடிப்பு என்று தள்ளாமல் விசாரியுங்கள். இந்தியாவில் 14416 என்ற எண்ணில் இலவச மனநல ஆலோசனை கிடைக்கும். குழந்தைகளுக்கான உதவி எண் 1098.