பக்கவாதத்துக்கு ஊசிக்குத்து வைத்தியமா?

"பக்கவாதம் வந்தவரின் 10 விரல் நுனியிலும் ஊசியால் குத்தி ரத்தம் வரவழையுங்கள், அதுவரை அசைக்காதீர்கள்" என்றொரு வாட்ஸ்அப் தகவல் குன்னூர், கோத்தகிரி குழுக்களில் சுற்றுகிறது. இது தவறு. கோளாறு மூளையின் ரத்தக்குழாயில். விரலில் சொட்டும் ரத்தம் அதைச் சரிசெய்யாது.

அடைப்பா, ரத்தக்கசிவா என்பது ஸ்கேனில்தான் தெரியும். அடைப்பு என்றால், அதைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக அறிகுறி தொடங்கி 4.5 மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும். நம் மலையில் கொண்டை ஊசி வளைவுகளே பாதி நேரத்தைத் தின்றுவிடும், இதில் இந்த ஊசி வேறா?

வாய் கோணினாலோ, ஒரு கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ உடனே 108. அறிகுறி தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் பேச்சுப் பயிற்சி, இயன்முறைச் சிகிச்சை (பிசியோதெரபி) எல்லாம் சேர்ந்தே நடக்க வேண்டும்.

தகவலில் சந்தேகமா? அரசின் மருத்துவ ஆலோசனை எண் 104-இல் கேளுங்கள். தயவுசெய்து அந்த ஊசிக்குத்துத் தகவலை யாருக்கும் அனுப்பாதீர்கள்.